கம்பம் ஆற்றோடு போகும் மாதம்

சனிக்கிழமை, ஈரோடு

நல்ல புடவை எதுவும் கட்டிக்கொண்டு வராதே, மஞ்சள் ஏறினால் எந்தச் சோப்புக்கும் போகாது என்று அத்தை நேற்றே தொலைபேசியில் எச்சரித்திருந்தார். பேருந்திலிருந்து இறங்கி மணிக்கூண்டுப் பக்கம் நடந்து வருவதற்குள் அந்த எச்சரிக்கையின் பொருள் தெரிந்துவிட்டது. பெரிய மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவின் நிறைவாக இன்று மஞ்சள் நீராட்டு. கடைகள் பெரும்பாலும் அடைத்திருந்தன. குடத்திலும் வாளியிலும் மஞ்சள் கரைத்த தண்ணீரை வைத்துக்கொண்டு தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் எல்லார் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தையின் வீடு காவிரி ரோட்டில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தபோது என் புடவை என்ன நிறத்தில் வாங்கியது என்பதை நானே மறந்திருந்தேன்.

கொங்கு நாட்டுக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகக் கம்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கிய சில நாட்களில், மூன்று கவையாகப் பிரியும் மரத்துண்டு ஒன்றை வெட்டி வந்து, மஞ்சளும் குங்குமமும் பூசி, வேப்பிலை சுற்றி, மாரியம்மன் சன்னதிக்கு எதிரே நடுகிறார்கள். அதுதான் கம்பம். அது வெறும் கட்டையன்று, அம்மனின் கணவர் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. நட்ட நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம், விடியலுக்கு முன்பே பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுகிறார்கள். இரவில் அதன் கவையின் மேல் பூவோடு என்னும் மண்சட்டியில் நெருப்பு எரிகிறது. மேலே தீயும் கீழே ஈரமுமாக நிற்கும் அந்த மாப்பிள்ளையோடு அம்மன் குடும்பம் நடத்தும் காலம் அவ்வளவுதான். கடைசி நாளன்று கம்பத்தைப் பிடுங்கி, ஊர்வலமாகக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். ஆறில்லாத ஊர்களில் கிணறே அந்த இடம். கரூரில் இதே சடங்கு வைகாசியில் நடக்கிறது. அங்கே கம்பம் அமராவதிக்குப் போகிறது.

ஈரோட்டில் பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் என்று மூன்று கோயில்களுக்கும் திருவிழா ஒன்றாகவே நடப்பதால் கம்பமும் மூன்று. அவை ஒன்றுசேர்ந்து ஊரைச் சுற்றிவந்து கருங்கல்பாளையத்தில் காவிரியில் இறங்குகின்றன. வழி நெடுகிலும் மக்கள் உப்பையும் மிளகையும் அள்ளிக் கம்பத்தின் மேல் வீசுகிறார்கள். உப்பு நீரில் கரைவதுபோல உடம்பில் உள்ள நோயும் கரையட்டும் என்பது அதன் கணக்கு. அம்மை நோய் ஊரைக் காலி செய்த காலத்தில் பிறந்த கணக்கு அது. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 இல் கண்டறியப்பட்டார். 1980 இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். நோய் போன பின்னும் உப்பு வீசும் கை நிற்கவில்லை. கரைத்துவிட வேண்டியவை இன்னும் இருக்கின்றன போலும்.

அத்தையின் வீட்டு வாசலில் குடம் இல்லை. மாமா போனது சென்ற ஆனி மாதம். இன்னும் வருசம் திரும்பவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த ஓராண்டுக்கு மாவிளக்கு எடுப்பதில்லை, கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பங்குனி விடியற்காலையில் குடத்தோடு போய்க்கொண்டிருந்தவர், இம்முறை மாடியின் கைப்பிடிச் சுவரருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். மேளச் சத்தம் நெருங்கியபோது மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பழக்கத்தில் வாங்கிவிட்டாராம், உள்ளே உப்பும் மிளகும் இருந்தன.

"நீ எங்க பங்காளி இல்லையே கண்ணு, உனக்குத் தீட்டு இல்ல. கீழ போயி வீசிட்டு வா."

போனேன். கம்பம் என்னைக் கடந்து சென்ற நேரம் அரை நிமிடம்கூட இராது. தோளில் சுமந்து வந்தவர்கள் ஓட்டமும் நடையுமாக வந்ததால், நான் வீசிய உப்பில் பாதி முன்னால் நின்ற ஒருவரின் சட்டைக் காலருக்குள் போய்விட்டது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. மழித்த கட்டை, அதில் வாடிப்போன வேப்பிலை, மேலே அப்பியிருந்த உப்பு, இவைதாம் நான் கண்டவை. ஒரு பிணம் தெருவைக் கடக்கும்போது ஏற்படும் அமைதி அங்கே துளியும் இல்லை. ஆனால் வாசலில் நின்று வழியனுப்புவதும், தண்ணீர் ஊற்றுவதும், ஆற்றங்கரையில் போய் முடிவதும் அப்படியே அந்த வரிசைதான்.

மேலே வந்ததும், கம்பம் போன பிறகு அம்மன் என்ன ஆவாள் என்று கேட்டேன். தாலி அறுத்தவள் ஆவாள் என்று பெரியவர்கள் சொல்வதாகக் கூறிய அத்தை, சற்று நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவளுக்கென்ன, அடுத்த பங்குனிக்கு மறுபடி நட்டுருவாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, ஈரோடு

இன்று எங்கும் போகவில்லை. அத்தையின் கொழுந்தனார் தோட்டத்திலிருந்து மஞ்சள் வந்திருந்தது. வைகாசி, ஆனியில் நட்டதைத் தையில் தொடங்கிப் பங்குனி வரை வெட்டுகிறார்கள். ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019 இல். நேற்று தெருவில் ஓடியதற்கு எந்தக் குறியீடும் தேவைப்படவில்லை. வெட்டிய கிழங்கை வேகவைத்துக் காயவைத்தால்தான் அது விற்பனைக்கான மஞ்சள். வெந்த கிழங்கு முளைக்காது. விதைக்கென்று ஒதுக்குவதை மட்டும் வேகவைக்காமல், மர நிழலில் குவித்து, மஞ்சள் இலையாலேயே மூடிவைக்கிறார்கள்.

மாலையில் பேச்சு வீரப்பூர் பக்கம் போயிற்று. அத்தை திருமணத்துக்கு முன் தம் அம்மாயியோடு மாசித் திருவிழாவுக்கு அங்கே போயிருக்கிறார். வீரப்பூர் இன்றைக்குத் திருச்சி மாவட்டத்தில் இருந்தாலும், அண்ணன் தம்பிகளான பொன்னர், சங்கர் கதை கொங்குக் குடியானவர்களின் கதை. அந்த அண்ணன்மார் மாண்டு விழுந்த களத்தை நினைத்து நடத்தும் படுகளத்தில், அருள் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்து விழுகிறார்கள். அசைவில்லாமல் கிடக்கும் அவர்களைச் சுற்றிப் பெண்கள் அழுகிறார்கள். பிறகு தீர்த்தம் தெளித்து எழுப்புகிறார்கள். உடுக்கையடித்துப் பாடும் கதையில், தங்கை தங்காள் தன் அண்ணன்மாரை எழுப்பியே விடுகிறாள். எழுந்தவர்கள் அவளோடு பேசுகிறார்கள். பதினாறு வயதோடு தங்கள் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி, மறுபடியும் போய்விடுகிறார்கள்.

உயிர்த்தெழுந்த கதைகளில் இவ்வளவு குறைந்த ஆசை உள்ள கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நிரந்தரமாகத் திரும்பி வா என்று தங்காள் கேட்கவில்லை. ஒரு பேச்சுக்குத்தான் எழுப்பினாள். "அது போதுமே" என்றார் அத்தை, விதைக் கிழங்கைத் தனியே பிரித்துக்கொண்டு. மாமா தூக்கத்திலேயே போனவர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை, பண்ணாரி

நேற்று இரவே சத்தியமங்கலம் வந்து, அங்கிருந்து சிறப்புப் பேருந்தில் ஏறினேன். மைசூர்ச் சாலையில், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னே, காட்டின் வாசலில் இருக்கிறது பண்ணாரி மாரியம்மன் கோயில். சுற்றிலும் இருப்பது 2013 இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. ஆண்டின் மற்ற இரவுகளில் யானைக்கு வழிவிட வேண்டிய அந்தச் சாலையில், நேற்று இரவு மனிதர்கள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

பூச்சாட்டியதும் அம்மனின் சப்பரம் சிக்கரசம்பாளையம் முதலான ஊர்களுக்குப் போய், பரிசலில் பவானி ஆற்றைக் கடந்து, சுற்றி வந்து கோயில் சேர்கிறது. அதற்குப் பிறகுதான் குண்டம், அதாவது தீமிதி. குண்டத்துக்குப் போடும் விறகை இங்கே யாரும் விறகு என்று சொல்வதில்லை, எரிகரும்பு என்கிறார்கள். அடுப்பில் எரிவதும் சுடுகாட்டில் எரிவதும் விறகு, அம்மனுக்கு எரிவது கரும்பு. முழு இரவும் எரிந்து தணலான பின், அதைத் தட்டிச் சமப்படுத்தி, விடியலுக்கு முன் பூசாரி முதலில் இறங்கினார். மஞ்சள் ஆடையில், கையில் வேப்பிலையோடு நின்ற வரிசை அவரைத் தொடர்ந்தது. நான் இறங்கவில்லை. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்களுக்குரியது அது என்பது ஒரு காரணம், பயம் என்பது இன்னொரு காரணம். இரண்டையும் எழுதிவிடுவதே நேர்மை.

இந்த அம்மன் தெற்கு நோக்கி அமர்ந்திருக்கிறாள். தெற்கு எமனின் திசை. வீட்டு வாசலைக்கூட அந்தப் பக்கம் வைக்க நம் ஆட்கள் யோசிப்பார்கள். அவளோ அத்திசையை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாரியம்மனின் கதைகளில் ஒன்று அவளையே இறந்து மீண்டவளாகச் சொல்கிறது. கணவன் சமதக்கினி முனிவரின் ஆணைப்படி மகன் பரசுராமன் இரேணுகையின் தலையைக் கொய்கிறான்; பிறகு தந்தையிடம் வரம் பெற்று அவளை எழுப்பும்போது, தலையும் உடலும் மாறிப் பொருந்திவிடுகின்றன. எழுந்து வந்தவள் போனவள் அல்லள். மீண்டு வருவதைப் பற்றிய இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

மனிதர்கள் இறங்கி முடிந்த பின் கால்நடைகளையும் குண்டத்தில் ஓட்டினார்கள். வெயில் ஏறியபோது வரிசையில் நின்று புற்றுமண் வாங்கினேன். இங்கே திருநீற்றுக்குப் பதிலாகத் தருவது அதுதான். கரையான் கட்டிப் பாம்பு குடியேறிய மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, பேருந்தில் தூங்கி, பவானிசாகர் பிரிவு தாண்டியதைக்கூட அறியாமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை, அவிநாசி

இன்று பங்குனி உத்திரம். முருகன் கோயில்களுக்குக் காவடி போகிற நாளில் நான் அவிநாசிக்கு வந்ததன் காரணம் ஒரு முதலை.

அவிநாசியின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். சேரமான் பெருமாளைக் காணச் சேர நாட்டுக்குப் போகும் வழியில் சுந்தரர் இவ்வூர் வழியாக வருகிறார். ஒரே தெருவில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் மங்கல ஒலி, மற்றதில் அழுகை. விசாரிக்கிறார். இரண்டு வீட்டிலும் ஒரே வயதுச் சிறுவர்கள் இருந்தார்கள். ஐந்து வயதில் இருவரும் குளத்தில் குளிக்கப் போனபோது ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல் கல்யாணம். நம் பிள்ளை இருந்திருந்தால் அவனுக்கும் இன்று நடந்திருக்குமே என்று எதிர்வீட்டார் அழுகிறார்கள். பெரிய புராணத்தில் சேக்கிழார் அமைத்திருக்கும் இந்தக் காட்சியில் தெரிவது அற்புதத்தைக் காட்டிலும் துக்கத்தைப் பற்றிய அறிவுதான். செத்த வீட்டின் அழுகை செத்த அன்றோடு முடிவதில்லை. எதிர்வீட்டில் மேளம் கொட்டும்போது மறுபடி பிறக்கிறது. சென்ற சனிக்கிழமை காவிரி ரோட்டு மாடியில் நான் கண்டதும் அதைத்தான்.

சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பாடுகிறார். "எற்றான் மறக்கேன்" என்று தொடங்கும் அந்தப் பதிகத்தின் நான்காம் பாடல் இறைவனை "ஆதியும் அந்தமும் ஆயினாய்" என்று அழைத்து, இப்படி முடிகிறது:

"கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே."

வேண்டுதலின் தொனி இதில் எங்கே இருக்கிறது? "சொல்லு" என்கிறார். காலனிடம் நீ சொல், அவன் முதலையிடம் சொல்லட்டும் என்று மேலிருந்து கீழே போகும் உத்தரவாக அதை அடுக்குகிறார். கடவுளைத் தோழராகப் பெற்றவருக்கு மட்டும் வாய்க்கும் துணிச்சல் இது. நாமெல்லாம் மனு எழுதி வரிசையில் நிற்பவர்கள்.

வற்றிக் கிடந்த குளம் நிறைகிறது. முதலை வந்து பிள்ளையைக் கரையில் விடுகிறது. சேக்கிழார் சொல்லும் ஒரு நுட்பத்தை உற்சவம் பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை: விழுங்கியபோது ஐந்து வயதாக இருந்தவன், இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வெளியே வருகிறான். போன ஆண்டுகளும் சேர்ந்து திரும்பி வருகின்றன. தாய்க்குக் கிடைத்தது பழைய குழந்தை அன்று, இன்றைக்கு இருந்திருக்க வேண்டிய பிள்ளை. அவனுக்கும் அன்றே பூணூல் நடக்கிறது. இரேணுகையின் கதைக்கு இது நேர் எதிர். தங்காளின் கதைக்கு இன்னும் எதிர். மூன்றையும் ஒரே மண்ணில் ஒரே பருவத்தில் சொல்லி வருகிறார்கள். எது சரி என்று எவரும் தீர்த்துவைக்க முயலவில்லை.

முதலை வாய்ப்பிள்ளை உற்சவத்துக்குச் சுந்தரர் தாமரைக்குளக் கரைக்கு எழுந்தருளினார். ஓதுவார் அந்தப் பாடலைப் பாடியபோது என் அருகே நின்ற ஒரு தாத்தா தம் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டார். முதலை எங்கே என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

வற்றிய குளம் நிறைவதென்பது இந்த ஊரில் புராணத்தோடு நின்ற செய்தியும் அன்று. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்காக இப்பகுதி உழவர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் கொடுத்தார்கள். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வீணாகும் உபரிநீரில் ஆண்டுக்கு 1.5 டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்களின் வழியே மேட்டுக்கு ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கும் அத்திட்டம், 2024 ஆகஸ்டில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. தேநீர்க் கடையில் இதைப் பற்றிக் கேட்டபோது, தங்கள் ஊர்க் குட்டையில் தண்ணீர் பார்த்த கதையை ஒருவர் மிகுந்த மகிழ்ச்சியோடும், தங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை என்பதை இன்னொருவர் மிகுந்த கோபத்தோடும் சொன்னார்கள். மங்கல ஒலியும் அழுகையும் எதிரெதிர் பெஞ்சுகளில்.

மறு சனிக்கிழமை இரவு, கருமத்தம்பட்டி

ஒரு வாரம் இடைவெளி. ஈஸ்டர் நாளைக் கணிக்கும் முறை நம் பஞ்சாங்கக்காரர்களுக்குப் புதிதாக இராது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு அது. உத்திரமும் பங்குனி முழுநிலவை ஒட்டியதே என்பதால் பல ஆண்டுகளில் இரண்டும் அருகருகே வந்துவிடுகின்றன. முழுநிலவு ஞாயிறன்றே விழுந்தால் ஈஸ்டர் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். இந்த ஆண்டு அப்படித்தான் ஆயிற்று.

சோமனூர்ப் பக்கத்துக் கல்லூரித் தோழியின் வீட்டார் அழைத்ததால், கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்துக்குப் பாஸ்கா திருவிழிப்புக்குப் போனேன். பெரிய வெள்ளியன்று கல்லறையில் வைத்தவர் எழுவதற்கான காத்திருப்பு அது. விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள். வெளியே முற்றத்தில் புதுத் தீ மூட்டி மந்திரித்தார்கள். ஆளுயர மெழுகுதிரி ஒன்றில் குரு சிலுவை வரைந்து, ஆண்டின் எண்களைப் பொறித்து, ஐந்து காயங்களுக்கு அடையாளமாக ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்தார். தொடக்கமும் முடிவும், அகரமும் னகரமும் அவரே என்ற சொற்கள் ஒலிபெருக்கியில் வந்தபோது, எட்டு நாட்களுக்கு முன் தாமரைக்குளக் கரையில் கேட்ட "ஆதியும் அந்தமும் ஆயினாய்" என் காதில் மீண்டும் ஒலித்தது. இரண்டும் ஒன்று என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஓதுவாருக்கும் குருவுக்கும் அந்தச் சமன்பாடு பிடிக்காமல் போகலாம். அவரவர் நம்பிக்கையில் அவரவர் தெய்வத்துக்கு ஈடு இல்லை.

இருட்டுக்குள் அந்த ஒரு சுடர் நுழைந்து, ஒரு திரியிலிருந்து இன்னொரு திரிக்கு நெருப்பு போய், ஆலயம் முழுவதும் ஒளி பரவ ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். வாசகங்கள் நீண்டன, படைப்பிலிருந்து தொடங்கி, இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்தது வரை கேட்டபின் என் முன் வரிசையில் மூன்று குழந்தைகள் தூங்கிவிட்டன. விசைத்தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைகள், ஆலய மணிக்குக்கூட அசையவில்லை.

தண்ணீரை மந்திரித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த உயரமான மெழுகுதிரியைத் தூக்கி, அதன் அடிப்பாகத்தைத் தொட்டி நீரில் இறக்கினார்கள். மேலே சுடர், கீழே நீர். பூவோடு ஏந்தி ஈரத்தில் நின்ற கம்பம் நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? கம்பம் நீரில் இறங்கினால் திரும்பி வருவதில்லை. அடுத்த ஆண்டு வருவது வேறொரு மரம். இங்கே நீரில் இறங்கியதை மேலே எடுத்தார்கள், அதே திரி, அணையாமல். இந்த ஒரு வேறுபாட்டைத்தான் இரண்டு வாரமாகத் தேடி அலைந்திருக்கிறேன் என்று தோன்றியது.

திருப்பலி முடிந்ததும் புதுத் தீர்த்தத்துக்கு வரிசை நின்றது. பெரும்பாலும் தண்ணீர் பாட்டில்கள், ஒருவர் கையில் பால் தூக்குவாளி. தோழியின் அம்மா எனக்கும் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார். நள்ளிரவு தாண்டி வீடு திரும்பி, பைக்குள் கையை விட்டபோது பாட்டிலின் மூடி சரியாக மூடாமல் கசிந்திருந்தது. பண்ணாரியில் வாங்கிய புற்றுமண் பொட்டலமும், அத்தை கொடுத்த பொட்டலத்தில் மிஞ்சிய நாலு மிளகும் அதே பைக்குள்தான் கிடந்தன.

விடிந்ததும் அத்தையை அழைத்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"புத்துமண்ணுல ஈரம் படவுட்டயா? முதல்ல அதை எடுத்து வெயில்ல காய வைய்யி. தண்ணியை என்ன பண்றதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்."

தட்டில் பரப்பி மாடியில் வைத்திருக்கிறேன். ஆனியில் வருசம் திரும்பும்போது முதல் நாளே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.